பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய்: வீட்டில் ஒற்றை ஆளாகப் பார்ப்பவருக்கு என்ன செய்து கொடுக்கலாம்? (மதுரை, சுற்றுவட்டாரம்)

ஒத்தக்கடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. மூளையின் இடதுபக்க ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, கால் வரவில்லை, பேச்சும் வரவில்லை. மூக்கில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முழுக்க அம்மாதான் பார்க்கிறார். அவருக்கு 59, ஏற்கெனவே இடுப்பு வலி. பிள்ளைகள் மூவரும் வெளியூர். பணம் அனுப்புகிறோம், தினம் வீடியோவில் பேசுகிறோம், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் பாரம் நிஜமாகவே குறைய என்ன வழி? அரசுப் பக்கம் என்ன கிடைக்கும்? பார்க்கின்சன், மறதி நோய் உள்ள வீடுகளும் இங்கேயே கேளுங்கள், ஒரே இடத்தில் இருக்கட்டும்.

திருநகர் பிசியோ

தம்பி, முதலில் அம்மாவின் இடுப்பைக் காப்பாற்றுங்கள். அப்பாவை ஒரு நாளில் எத்தனை முறை அம்மா *தூக்குகிறார்* என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பெரும்பகுதியைத் தூக்காமலே செய்ய முடியும்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் முறை: நாற்காலியை அப்பாவின் நல்ல பக்கத்தில், அதாவது இடப்பக்கம், கட்டிலை ஒட்டி 30 முதல் 45 டிகிரி சாய்வாக வையுங்கள். இரண்டு பிரேக்கும் போட வேண்டும், கால்தாங்கியைக் கழற்றிவிட வேண்டும். அப்பாவைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியட்டும், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். இடுப்பில் அகலமான பெல்ட். அம்மா தன் முழங்கால்களால் அப்பாவின் வலது முழங்காலை முன்னாலிருந்து அணைகட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது மடிந்துவிடும். "முன்னால குனிங்க" என்று சொல்லி, அவர் மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை குனிய வைத்த பிறகுதான் எழுப்ப வேண்டும். குனியாத மனிதரை நேராக மேலே இழுப்பதில்தான் இடுப்பு போகிறது. எழுந்ததும் இடது காலை ஊன்றித் திரும்பி, நாற்காலி தொடையில் பட்டதும் மெல்ல உட்கார வைக்கவும்.

அப்பா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கூடாது. வலது கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ யாரும் இழுக்கக் கூடாது. செயலிழந்த தோளை மூட்டில் பிடித்து நிறுத்தத் தசைக்கு வலு இல்லை, இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அந்த வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் உடற்பயிற்சியே செய்யவிட மாட்டார். உட்காரும்போதும் படுக்கும்போதும் வலது கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும்.

கட்டிலில் கீழே சரிந்தவரை மேலே நகர்த்த: தலைப்பக்கத்தைத் தட்டையாக்குங்கள், அவருடைய இடது முழங்காலை மடக்கி, அம்மா சொல்லும்போது காலால் உந்தச் சொல்லுங்கள். உந்தவே முடியாதவராக இருந்தால் பழைய நைலான் சேலையை இரண்டாக மடித்து முதுகிலிருந்து தொடைவரை விரித்து வையுங்கள். துணியின் மேல்மடிப்பு கீழ்மடிப்பின் மேல் வழுக்கும், ஆள் தானாக நகர்வார். வேலை முடிந்ததும் சேலையை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கட்டிலைவிட்டே வழுக்கிவிடுவார்.

கட்டில் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் "ஹை-லோ" வசதி உண்டா என்று கேளுங்கள். தலையும் காலும் மட்டும் தூக்கும் கட்டில்களில் உயரம் மாறாது. உடம்பு துடைக்க, துணி மாற்ற அம்மாவின் இடுப்பு உயரம் வேண்டும். உட்கார வைத்து எழுப்ப அப்பாவின் முழங்கால் உயரம் வேண்டும். உயரம் மாறாத கட்டிலென்றால் முழங்கால் உயரத்தில் வைத்துக்கொண்டு, புரட்டும்போது அம்மா ஒரு முழங்காலைக் கட்டில் மேல் ஊன்றிக்கொள்ளட்டும். குனிவது பாதியாகக் குறையும்.

அவர் எடையில் பாதிக்கு மேல் அம்மா தாங்க வேண்டியிருந்தால் அது ஓர் ஆள் வேலை இல்லை. அன்று நாற்காலிக்கு மாற்ற வேண்டாம், கட்டிலிலேயே சாய்த்து உட்கார வைத்தால் போதும்.

மேலூர் நர்ஸக்கா

பிசியோ சார் சொன்னதோடு குழாய் விஷயத்தைச் சேர்க்கிறேன். வீட்டில் அதிகம் தவறுவது இங்கேதான்.

மூக்கில் குழாய் நுழையும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உணவு. கோடு வெளியே நகர்ந்திருந்தால் எதுவும் கொடுக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். சிரிஞ்சில் காற்றை ஏற்றி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள், குழாய் தவறான இடத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

தலையும் நெஞ்சும் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, அல்லது உங்களுக்கு எழுதிக்கொடுத்த அளவு. சிரிஞ்சின் அடித்தண்டை எடுத்துவிட்டு, உயரத்தில் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள், 15–20 நிமிடம் ஆகட்டும். அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குப் போகும். முன்னும் பின்னும் கொதித்து ஆறிய தண்ணீர் 30 மில்லி விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். முடிந்ததும் ஒரு மணி நேரம் தலையைத் தாழ்த்தாதீர்கள். "சாப்பாடு குடுத்தாச்சு, இனி துணி மாத்திருவோம்" என்று உடனே படுக்க வைத்துப் புரட்டுவதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். துணி மாற்றுவது, துடைப்பது எல்லாம் உணவுக்கு முன்னால்.

கேழ்வரகுக் கஞ்சி, சத்துமாவு எதுவானாலும் வடிகட்டிய பிறகே குழாய்க்கு. மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்சம் தண்ணீர். எதைப் பொடிக்கலாம், எதைக் கூடாது என்பதைச் சிம்மக்கல் மருந்துக்கடை அண்ணன் வந்து சொல்லட்டும். குழாய் கழன்று வந்துவிட்டால் நீங்களே திரும்பச் செருகாதீர்கள்.

குழாய் இருந்தாலும் வாயைத் தினம் இருமுறை துடைக்க வேண்டும். எச்சில் உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அழுக்கு வாயின் எச்சில்தான் நிமோனியாவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பியபோது வைத்த குழாய் நிரந்தரம் என்று பல குடும்பங்கள் எண்ணிக்கொள்கின்றன. விழுங்கும் திறனை மறுபடி சோதிக்கச் சொல்லி *நீங்கள் கேட்க வேண்டும்*. பக்கவாதத்தில் பலருக்கு வாரங்களில் விழுங்கல் திரும்பும். அப்படித் திரும்பினாலும் முதலில் தண்ணீர் கொடுக்காதீர்கள், தண்ணீர்தான் வேகமாக மூச்சுக்குழலுக்குள் போகும். கெட்டியான கஞ்சி, கடைந்த தயிர்சாதம் போல ஒரே பதமாக இருப்பது சுலபம். ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு ஆகாது, நீர் தனியாக, பருக்கை தனியாக ஓடும். விழுங்கிய பிறகு குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிடுங்கள். வலது கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கும், விரலில் துணி சுற்றி எடுத்துவிட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும்.

ஒத்தக்கடைக்காரன்

நன்றிக்கா. இரவில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொன்னார்கள். அம்மா தூங்குவதே இல்லை. அதற்கு என்ன வழி?

மேலூர் நர்ஸக்கா

பார்த்துக்கொள்பவரைப் படுக்கையில் தள்ளுவது இதுதான், நல்லவேளை கேட்டீர்கள். 2 மணி நேரம் என்பது சாதாரண மெத்தைக்கு. காற்று மாறிமாறி நிரம்பும் மெத்தை போட்டு, தோல் நன்றாக இருந்தால், உங்கள் நர்ஸையோ டாக்டரையோ கேட்டு இரவில் 4 மணி நேரம் வரை நீட்டலாம். 10 மணிக்கு ஒருமுறை, 2 மணிக்கு, 6 மணிக்கு. இரவில் எழ வேண்டியது ஒரே தடவை.

முழுப்பக்கமாகப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வு போதும். குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை.

மெத்தை வேலை செய்கிறதா என்று பார்க்க, கையை உள்ளங்கை மேல்நோக்கி மெத்தைக்கு அடியில், அவர் பிட்டத்துக்கு நேரே நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலக் காற்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் எடைக்குத் தகுந்தபடி பம்ப்பைக் கூட்டுங்கள். மின்சாரம் போனால் காற்று இறங்கும், இன்வெர்ட்டர் இணைப்பில் அந்தப் பிளக்கையும் சேருங்கள். மெத்தை மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு. நான்கு விரிப்பும் ரப்பர் ஷீட்டும் போட்டால் மெத்தை வாங்கிய காசு வீண், கோடையில் வியர்வையும் தேங்கும்.

புண் தொடங்குவதைச் "சிவப்பு" என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாக அல்லது கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், காதுமடல். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பவுடர் கொட்டாதீர்கள், வளையத் தலையணை வைக்காதீர்கள். அந்தப் பக்கம் படுக்காமல் இருப்பதுதான் மருந்து.

சிம்மக்கல் மருந்தாளுநர்

நர்ஸக்கா கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன். அட்டையில் சிஆர், எஸ்ஆர், இஆர், எக்ஸ்எல் என்று இருந்தால் பொடிக்கக் கூடாது, மெல்லமெல்லக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்ட மாத்திரையும் அப்படியே. குழாய் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னால் திரவமாகவோ சாதாரண மாத்திரையாகவோ மாற்றி எழுதுவார்.

பார்க்கின்சன் வீடுகளுக்கு: லெவோடோபா (சின்டோபா முதலானவை) நேரம் தவறக் கூடாத மருந்து. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள். பருப்பு, முட்டை, பால் புரதம் அதோடு போட்டிபோட்டு உள்ளே போகவிடாது. காலையில் மருந்து வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் பாலோடு விழுங்குகிறவர்கள். மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்துக் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தால், வார்டு நர்ஸிடம் மருந்து நேரத்தை எழுதிக் கொடுங்கள்.

வாந்திக்குப் பெரிநார்ம், தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டில் என்று பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போடுவது சகஜம். பார்க்கின்சன் உள்ளவருக்கு இரண்டும் நோயைக் கூட்டும். அந்தப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அவர் பையில் வையுங்கள். பூனைக்காலி விதைச் சூரணத்தில் லெவோடோபாவே இருக்கிறது; மாத்திரையோடு சேர்த்தால் அளவு கூடிவிடும், டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

செலவுக்கு: முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் மூலப்பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே இல்லாததை, அரசு மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அந்த மருத்துவமனைக்குள்ளேயே வாங்கலாம்.

பேரையூர் செல்வி

மாமியாருக்கு மறதி நோய். ராத்திரி எட்டு மணி ஆனால் "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இதுதான் உங்க வீடு என்று எவ்வளவு சொன்னாலும் சண்டை. வீட்டில் என் நாத்தனார் மட்டும். அவள் தூங்கி நாளாகிறது.

கே.கே.நகர் சமூகப்பணி

செல்விக்கா, திருத்திச் சொல்வதை நிறுத்துங்கள். அவர் தேடுவது பிறந்த வீட்டை, அது மனதில் இப்போதும் இருக்கிறது. "போவோம், பஸ் வர நேரமாகும், அதுவரை காபி குடிங்க" என்று ஒத்துப்போய்ப் பேச்சைத் திருப்புங்கள். அந்தி நேரத்தில் வீட்டில் விளக்கு நன்றாக எரியட்டும், நிழல் விழும் மூலை வேண்டாம். மாலை நாலு மணிக்கு வெளியே நடக்கவிட்டு, பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்தினால் இரவு நிதானமாகும். அந்தக் காபியில் டிகாஷன் கொஞ்சமாக இருக்கட்டும்.

தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே மாற்றுங்கள், கதவில் மணி கட்டுங்கள். வெளியே பூட்டிவிட்டுப் போகவே கூடாது, தீ விபத்தில் ஆபத்து. கையில் கழற்ற முடியாத வளையலில் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் பொறித்துப் போடுங்கள். சமீபத்துப் புகைப்படம் ஒன்று எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

ஓரிரு நாளில் திடீரென நிலை மோசமானால் நோய் முற்றியது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இந்த நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சரியானால் பழைய நிலைக்குத் திரும்புவார்.

நாத்தனாருக்கு வாரத்தில் இரண்டு முழு இரவு வேறு ஆள் படுக்க வேண்டும். அது யார், எந்தக் கிழமை என்று இந்த வாரமே முடிவெடுங்கள். "முடியும்போது வர்றோம்" என்றால் யாரும் வர மாட்டார்கள். 14416 எண்ணில் டெலி-மனாஸ் (அரசின் மனநல ஆலோசனை) உண்டு, அதைப் பார்த்துக்கொள்கிறவரும் தனக்காகக் கூப்பிடலாம். முதியோர் உதவி எண் 14567.

அலங்காநல்லூர் முருகு

பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவினாலாவது நல்லதா?

திருநகர் பிசியோ

புறா ரத்தத்தால் பலன் இல்லை, அதற்கு ஓடி அலையும் நாட்களில் உடற்பயிற்சி தவறுகிறது, முதல் 3 மாதம் கிடைக்கும் முன்னேற்றம் பிறகு அவ்வளவு கிடைக்காது. மிதமாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை. தோளைச் சுண்டி இழுப்பது, கையைத் தலைக்கு மேல் வலுக்கட்டாயமாகத் தூக்குவது கூடாது. உணர்ச்சி இல்லாத கை, காலில் வெந்நீர்ப் பை, சூடான மணல் ஒத்தடம் எதுவும் வேண்டாம். சுடுவது அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கால் வீங்கிச் சூடாக, ஒரு பக்கம் மட்டும் வலியாக இருந்தால் நீவவே கூடாது. ரத்தக்கட்டி இருக்கலாம், அதே நாள் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒத்தக்கடைத் தம்பிக்கு ஒரு விஷயம்: அப்பாவுக்குப் பேச்சு இல்லை என்பதால் புரியவில்லை என்று எண்ணாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள், 10 விநாடி காத்திருங்கள். தண்ணீர், வலி, கழிவறை, மின்விசிறி ஆகிய நான்கின் படத்தை அட்டையில் ஒட்டிக் கட்டிலில் மாட்டினாலே அம்மாவின் பாதி அலைச்சல் குறையும்.

வில்லாபுரம் கணக்கர்

காகிதப் பக்கத்தை நான் சொல்கிறேன். இதை வெளியூர்ப் பிள்ளைகள் முழுசாக எடுத்துக்கொள்ளலாம், அம்மா தொட வேண்டியதே இல்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் தளத்தில் நீங்களே பதியலாம். ஆதார், புகைப்படம், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் அறிக்கை வேண்டும். 2016 சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு எல்லாம் வரும். பக்கவாதத்துக்கு நிலை ஓரளவு நின்ற பிறகு, பொதுவாக ஆறு மாதம் போல் கழித்து மதிப்பிடுவார்கள். கை, கால் பாதிப்போடு பேச்சு பாதிப்பையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சதவீதம் குறைவாக வரும். பெரியாஸ்பத்திரியில் (அரசு இராஜாஜி மருத்துவமனை) மதிப்பிடும் மருத்துவர் குழு கூடுவது எந்த நாள் என்று போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், படுத்த நோயாளியை இருமுறை ஏற்றி இறக்க முடியாது.

அட்டை வந்ததும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம். கடும் பாதிப்பு, பார்க்கின்சன், நாட்பட்ட நரம்பியல் வகைகளுக்கு மாதம் 2000 ரூபாய். கூடுதல் துணை தேவைப்படுகிறவருக்கு உதவியாளர் தொகை மாதம் 1000 தனியாக உண்டு, அதையும் கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். சம்பளக்காரப் பிள்ளைகள் பழைய வரிமுறையில் இருந்தால்: வருமான வரியில் (1961 சட்டத்தின் 80டிடி பிரிவு), சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 சதவீதப் பாதிப்பென்றால் 75,000, 80 சதவீதம் என்றால் 1,25,000 கழிவு. செலவு எவ்வளவானாலும் அதே தொகை.

வங்கி: அப்பா கையெழுத்துப் போட முடியாவிட்டால் கட்டைவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகையை ஏற்க ரிசர்வ் வங்கி விதி உண்டு. இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மறதி நோய் வீடுகள் கவனிக்க: பவர் ஆஃப் அட்டர்னி எழுதியவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் செல்லாது. எனவே புத்தி தெளிவாக இருக்கும் ஆரம்ப நாளிலேயே கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றி, உயிலும் எழுதிவிட வேண்டும். பிறகு பாதுகாவலர் நியமனத்துக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

கே.கே.நகர் சமூகப்பணி

வீட்டுக்கே வரும் உதவி பற்றி யாரும் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரையோடு, படுத்த நோயாளிகளுக்கு பிசியோவும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதியச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் 104-இல் கேளுங்கள். வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் அம்மாவின் பிரஷரையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தனக்கென்று ஆஸ்பத்திரி போக அம்மாவுக்கு நேரம் இருக்காது.

மூன்று பிள்ளைகளுக்கு: ஒருவர் காகிதம், வங்கி, காப்பீடு. ஒருவர் மருந்து தீரும் தேதி, டாக்டர் தேதி, மெத்தை, டயப்பர் ஆர்டர். மூன்றாமவர் உறவினர் போன்களை எல்லாம் எடுத்துப் பதில் சொல்வது. அம்மா தினம் பத்துப் பேருக்கு ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். இது போக ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை வந்து, அம்மாவை வேறு அறையில் தூங்க விடுங்கள். வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போதாது, குழாய் உணவும் புரட்டுவதும் கற்றுக்கொண்டு தனியாகச் செய்ய வேண்டும். வேளை, அளவு, மருந்து, குழாய்க் கோடு, அவசர எண்கள் எல்லாம் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் எந்த ஆளும் உதவ முடியும்.

அம்மா சாப்பாட்டைத் தவிர்க்கிறாரா, சின்ன விஷயத்துக்கு அழுகிறாரா, "நான் இல்லாட்டி நல்லா இருக்கும்" என்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது வந்துவிட்டால் அவருக்கே டாக்டர் தேவை, அன்றே.

ஒத்தக்கடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தாளை இன்றே எழுதுகிறோம். ஒரே சந்தேகம்: சித்திரைத் திருவிழா நாட்களில் பெரியாஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையம் பக்கம் போகவே முடியாதே, அப்போது ஏதாவது ஆனால்?

மேலூர் நர்ஸக்கா

அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதற்கு முந்தைய எதிர்சேவை நாளும் மூன்றுமாவடி, தல்லாகுளம், கோரிப்பாளையம் அடைபடும். குழாய், யூரின் டியூப் மாற்றும் தேதி அந்த வாரத்தில் விழுந்தால் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். மருந்தும் டயப்பரும் 10 நாளுக்கு இருக்கட்டும். சுற்றுச்சாலை வழியாகப் போகக்கூடிய, ஸ்கேனும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்துத் தாளில் எழுதுங்கள். முகம் கோணுவது, நல்ல கையும் தொங்குவது, நினைவு மங்குவது, இதில் எது புதிதாக வந்தாலும் 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வைத்துச் சொல்ல வேண்டும், அந்த ஊசிக்குக் கெடு அதிலிருந்து நாலரை மணி நேரம். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள், கையில் சாவியோ வாயில் கரண்டியோ வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் அதற்கும் 108.